ஆட்டோமேட்டிக் கார் கியர் ஆயிலை வீட்டிலேயே மாத்தலாமா? ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இதைப் படிங்க!

“சார், இது லைஃப்டைம் ஆயில். கார் இருக்கிற வரைக்கும் மாத்தவே வேண்டாம்” என்கிறார் சர்வீஸ் அட்வைசர். “40 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிடுச்சா? உடனே மாத்துங்க, இல்லன்னா பெட்டி போயிடும்” என்கிறார் தெருமுனை மெக்கானிக். யூடியூப்பைத் திறந்தால், ஒருத்தர் அரை மணி நேரத்தில் வீட்டு வாசலிலேயே மாற்றிக் காட்டுகிறார். ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கும் பலரும் இந்த மூன்று பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறார்கள்.

இன்ஜின் ஆயிலை சொந்தமாக மாற்றிப் பழகியவர்களுக்கு இதுவும் அதே மாதிரி வேலையாகத்தான் தெரியும். அடியில் ஒரு போல்ட்டைக் கழற்றினால் பழைய ஆயில் வடிந்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். சரியான ஆயிலை, சரியான அளவில், சரியான சூட்டில் நிரப்ப வேண்டும். இன்ஜினில் அரை லிட்டர் முன்னே பின்னே இருந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அப்படி இல்லை. பெட்டி பழுதானால் செலவு லட்சத்தைத் தாண்டுவதும் சாதாரணம்.

அப்போ வீட்டில் மாற்றவே கூடாதா? சில கார்களில் தாராளமாக மாற்றலாம். சில கார்களில் தொடாமல் இருப்பதே நல்லது. உங்க கார் எந்தப் பக்கம் என்று பார்ப்போம்.

உங்க காரில் இருப்பது எந்த ஆட்டோமேட்டிக்?

கிளட்ச் பெடல் இல்லாத எல்லா காரையும் நம்ம ஊரில் ‘ஆட்டோமேட்டிக்’ என்றுதான் சொல்கிறோம். ஆனால் உள்ளே இருக்கும் பெட்டி நான்கு வகை.

2014-ல் மாருதி செலேரியோ மூலம் இந்தியாவில் பரவலான ஏஎம்டி முதல் வகை. இது உண்மையில் மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிக்கும் வேலையையும் கியரைத் தள்ளும் வேலையையும் காரே பார்த்துக்கொள்கிறது. பெட்டிக்குள் இருப்பது மேனுவல் காரில் ஊற்றும் அதே மாதிரியான கியர் ஆயில். சில ஏஎம்டி கார்களில் கிளட்சையும் கியரையும் இயக்க ஒரு சின்ன டப்பாவில் தனியாக ஹைட்ராலிக் ஆயில் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சிவப்பு நிற ‘ஏடிஎஃப்’ ஆயிலுக்கு இந்த வகை பெட்டியில் பொதுவாக வேலையே இல்லை.

இரண்டாவது சிவிடி. இரண்டு புல்லிகள், நடுவில் ஒரு ஸ்டீல் பெல்ட் அல்லது செயின். இதற்கென்றே தனி சிவிடி ஆயில் உண்டு. மூன்றாவது டிசிடி, அதாவது இரட்டை கிளட்ச். இதில் கிளட்ச் ஆயிலில் மூழ்கி ஓடும் ‘வெட்’ வகையும் இருக்கிறது, ஆயிலே படாத ‘டிரை’ வகையும் இருக்கிறது. இரண்டுக்கும் ஆயிலும் வேறு, மாற்றும் முறையும் வேறு.

நான்காவதுதான் பழைய, அசல் ஆட்டோமேட்டிக்: டார்க் கன்வெர்ட்டர். இன்னோவா கிரிஸ்டா ஆட்டோமேட்டிக், க்ரெட்டா டீசல் ஆட்டோமேட்டிக், எர்டிகா ஆட்டோமேட்டிக் எல்லாம் இந்த வகை. வீட்டில் ஆயில் மாற்றலாமா என்ற கேள்வி அதிகம் எழுவது இதற்குத்தான். கீழே சொல்லப்படும் விஷயங்களும் முக்கியமாக இந்த வகைக்குத்தான்.

எந்த வகை என்று தெரியவில்லையா? காரோடு வந்த ஓனர்ஸ் மேனுவலின் கடைசிப் பக்கங்களில், ஆயில் அளவுகள் போட்டிருக்கும் அட்டவணையைப் பாருங்கள். பெட்டியின் வகை, ஆயிலின் பெயர், எத்தனை லிட்டர் என்பது பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

ஒரே ஆயில், நான்கு வேலை

இன்ஜின் ஆயிலின் முக்கிய வேலை உராய்வைக் குறைப்பது. டார்க் கன்வெர்ட்டர் பெட்டியில் ஓடும் ஏடிஎஃப் ஆயிலுக்கு வேலை அதைவிட அதிகம்.

இன்ஜினின் சுழற்சியை கியர்பாக்ஸுக்குக் கடத்துவதே இந்த ஆயில்தான். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை ஓடவிட்டால், அந்தக் காற்றில் மற்றொன்றும் சுற்றும் இல்லையா? டார்க் கன்வெர்ட்டருக்குள் காற்றுக்குப் பதில் ஆயில். அடுத்து, கியர் மாறுவதற்கான கிளட்சுகளை அழுத்திப் பிடிப்பதும் இதே ஆயிலின் பிரஷர்தான். அந்தக் கிளட்சுகளின் சூட்டை உறிஞ்சி கூலருக்குக் கொண்டு போவதும் இதுதான். பற்சக்கரங்களுக்கும் பேரிங்குகளுக்கும் மசகும் இதுதான்.

இதில் ஒரு முரண்பாடு இருக்கிறது. பேரிங் வழுக்க வேண்டும், கிளட்ச் வழுக்கக் கூடாது. இரண்டுமே ஒரே ஆயிலில் நனைந்தபடி வேலை செய்கின்றன. இதைச் சமாளிக்க ஆயிலில் கலக்கப்படும் சேர்க்கைப் பொருள்கள்தான் ஒரு ஏடிஎஃப்-ஐ இன்னொரு ஏடிஎஃப்-இலிருந்து வேறுபடுத்துகின்றன. ஒரு காலத்தில் அமெரிக்காவில் இதற்காக திமிங்கல எண்ணெயைக் கலந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. 1970-களில் திமிங்கலங்களைக் காக்க அங்கே சட்டம் வந்த பிறகுதான் செயற்கை மாற்றுகளுக்குப் போனார்கள்.

‘லைஃப்டைம்’ என்றால் யாருடைய லைஃப்?

இனி முதல் கேள்விக்கு வரலாம். லைஃப்டைம் ஆயில் என்பது பொய்யா?

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. இன்றைய செயற்கை ஏடிஎஃப் ஆயில்கள் பழையவற்றைவிட நீண்ட நாள் உழைக்கின்றன. ஆனால் ‘லைஃப்டைம்’ என்று சொல்லும்போது எத்தனை வருஷம், எத்தனை கிலோமீட்டர் என்று யாரும் எழுதித் தருவதில்லை. ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனம் உலகின் பெரிய கியர்பாக்ஸ் தயாரிப்பாளர்களில் ஒன்று. பல சொகுசு கார்களில் இருப்பது அவர்கள் செய்த பெட்டிதான். அந்த நிறுவனமே தன் ஆட்டோமேட்டிக் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருஷத்துக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. பெட்டியைச் செய்தவரே மாற்றச் சொல்லும்போது, ‘மாத்தவே வேண்டாம்’ என்ற பேச்சை அப்படியே நம்புவதற்கில்லை.

ஆயிலைக் கெடுப்பது முக்கியமாக சூடு. சூடு கூடக் கூட ஆயில் ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டுப்போகும் வேகமும் கூடும். ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸுக்கும் அந்த வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்கள் பயன்படுத்தும் தோராயக் கணக்கு.

இப்போது நம்ம ஊர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மே மாதம், சென்னை ஓஎம்ஆர் சாலை, மாலை ஆறு மணி டிராஃபிக். கார் நின்று நின்று நகரும்போது டார்க் கன்வெர்ட்டருக்குள் ஆயில் கடையப்பட்டுக்கொண்டே இருக்கிறது, அந்த உராய்வெல்லாம் சூடாகிறது. அல்லது ஏழு பேரை ஏற்றிக்கொண்டு 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைப் பாதையில் ஏறுகிறீர்கள். இப்படி ஓடும் கார்களைத்தான் மேனுவலில் ‘கடினமான பயன்பாடு’ என்று தனியாகப் பிரித்து, சீக்கிரமே ஆயிலை மாற்றச் சொல்லியிருப்பார்கள். அந்தச் சின்ன எழுத்துப் பகுதியை யாரும் படிப்பதில்லை. நகர டிராஃபிக்கில் தினமும் ஓடும் கார் என்றால், அந்தப் பகுதியில் போட்டிருக்கும் கணக்குத்தான் உங்களுக்கு.

ஆயிலைப் பார்த்தே நிலைமை தெரியுமா?

ஓரளவு தெரியும். புது ஏடிஎஃப் பெரும்பாலும் செர்ரிப் பழ சிவப்பில் இருக்கும். அது சாயம்தான். எங்கேயாவது ஒழுகினால் இன்ஜின் ஆயில் இல்லை, கியர்பாக்ஸ் ஆயில் என்று உடனே தெரிய வேண்டும் என்பதற்காகச் சேர்த்தது. ஓட ஓட அந்தச் சாயம் மங்கி பழுப்பாகும். அதனால் பழுப்பு நிறத்தைப் பார்த்ததும் பதற வேண்டாம்.

கறுப்பாக இருந்து, கருகிய வாசனையும் அடித்தால் அது வேறு கதை. கிளட்ச் தகடுகள் வழுக்கி எரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ரோஸ் மில்க் மாதிரி கலங்கலாக இருந்தால் இன்னும் மோசம். ஆயிலில் தண்ணீரோ கூலன்ட்டோ கலந்துவிட்டது என்று அர்த்தம். பல கார்களில் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே ஓடும். அதில் சின்ன ஓட்டை விழுந்தால் இரண்டும் கலந்துவிடும். வெள்ளத்தில் மூழ்கிய கார்களிலும் இது நடக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீரில் மூழ்கின. கியர்பாக்ஸின் மேல் பக்கம் காற்று போய் வர ஒரு சின்னத் துவாரம் உண்டு. தண்ணீர் அந்த அளவு ஏறினால் அது வழியாகவே உள்ளே இறங்கும். இப்படிப்பட்ட காரை ஸ்டார்ட் செய்யாமல் தூக்கிக்கொண்டு போய் ஒர்க்‌ஷாப்பில் விட வேண்டும். வீட்டில் ஆயில் மாற்றிச் சரிசெய்யும் விஷயம் இல்லை இது.

“ரொம்ப நாள் விட்டுட்டேன், இப்ப மாத்தினா பெட்டி போயிடுமா?”

ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய கார்களை வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ‘ஆயிலை மாத்தினதும் கியர் விழமாட்டேங்குது’ என்ற கதையை எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் கேட்கலாம்.

இதில் பாதி உண்மை இருக்கிறது. பெரும்பாலும் அந்தப் பெட்டியில் ஏற்கனவே கியர் வழுக்கிக்கொண்டிருந்திருக்கும். அதைச் சரிசெய்யத்தான் ஆயிலையே மாற்றியிருப்பார்கள். தேய்ந்துபோன கிளட்ச் தகட்டைப் புது ஆயில் திரும்பக் கொண்டுவராது. பழி மட்டும் ஆயில் மாற்றியதன் மேல் விழும். இன்னொரு காரணமும் உண்டு. மெஷின் வைத்து பிரஷரில் ‘ஃப்ளஷ்’ செய்யும்போது, ஓரமாகப் படிந்திருந்த அழுக்கு கிளம்பி வால்வுகளின் நுண்ணிய துவாரங்களில் போய் அடைக்கலாம்.

அதனால் கியர் ஒழுங்காக மாறும் காராக இருந்தால், கிலோமீட்டர் அதிகம் என்பதற்காகப் பயப்பட வேண்டாம். ஃப்ளஷ் வேண்டாம், வடித்து நிரப்பினால் போதும். கியர் மாறும்போது உதைப்பு, ‘டி’ போட்டதும் இரண்டு நொடி யோசித்து நகர்வது, இன்ஜின் உறுமியும் வேகம் ஏறாதது என்று ஏதாவது இருந்தால், ஆயில் வாங்கும் முன் ஸ்கேனர் போட்டுப் பார்க்கும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கடையில் என்ன கேட்டு வாங்குவது?

‘ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் கொடுங்க’ என்று பொதுவாகக் கேட்கக் கூடாது. மேனுவலில் உள்ள பெயரை எழுத்து மாறாமல் எழுதிக்கொண்டு போங்கள். டொயோட்டா டபிள்யூஎஸ் என்பது ஒரு தரம். ஹூண்டாய், கியா கார்களின் எஸ்பி-4 இன்னொன்று. ஹோண்டாவின் பழைய ஆட்டோமேட்டிக்குக்கு டிடபிள்யூ-1, அதே ஹோண்டாவின் பல சிவிடி-க்கு எச்சிஎஃப்-2. நிசான் சிவிடி-யில் பல மாடல்களுக்கு என்எஸ்-3. ஒரே கம்பெனி கார் என்பதால் ஒரே ஆயில் என்று நினைத்துவிட வேண்டாம்.

டார்க் கன்வெர்ட்டர் ஏடிஎஃப்-ஐ சிவிடி பெட்டியில் ஊற்றினால் என்ன ஆகும்? சிவிடி-யில் ஸ்டீல் பெல்ட் புல்லியை இறுக்கிப் பிடித்தால்தான் கார் நகரும். அந்தப் பிடிப்புக்காகவே தயாரித்த ஆயில் அதில் இருக்க வேண்டும். வேறு ஆயிலில் பெல்ட் வழுக்கி புல்லியில் கீறல் விழுந்தால், பெட்டியையே மாற்ற வேண்டியதுதான்.

‘எல்லா காருக்கும் பொருந்தும்’ என்று லேபிளில் போட்ட ஆயில்கள் உண்டு. சிலவற்றில் உங்க காருக்கான தரத்தின் பெயரும் அச்சிட்டிருக்கும். இருந்தாலும் சில நூறு ரூபாய் மிச்சத்துக்காக இந்த இடத்தில் சோதனை செய்வது புத்திசாலித்தனமாகத் தெரியவில்லை. சீல் உடையாத கேனாகவும் பில்லோடும் வாங்குங்கள். வாரண்டி முடியாத கார் என்றால் இந்த வேலையையே கம்பெனி சர்வீஸில் விட்டுவிடுங்கள். பின்னால் பெட்டியில் பிரச்னை வந்தால் முதலில் கேட்கப்படும் கேள்வி ‘ஆயிலை எங்கே மாத்தினீங்க?’ என்பதாகத்தான் இருக்கும்.

காருக்கு அடியில் போவதற்கு முன்...

கியர்பாக்ஸ் போனால் பணத்தோடு போகும். ஜாக்கி சரிந்தால் உயிரே போகும்.

காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும். அதை நம்பி ஒரு நிமிஷம்கூட அடியில் படுக்கக் கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் அடுக்கி அதன் மேல் காரை நிறுத்துவதும் வேண்டாம். பார்க்க உறுதியாக இருக்கும், பாரம் ஒரு பக்கமாக ஏறினால் திடீரென்று நொறுங்கிவிடும். எடை தாங்கும் அளவு அச்சிட்ட இரும்பு ஸ்டாண்டுகள் வேண்டும்.

அதுவும் நான்கு வேண்டும். முன் பக்கம் மட்டும் தூக்கி வைத்தால் உள்ளே ஆயில் பின்னால் சாய்ந்துவிடும், லெவல் தப்பாகக் காட்டும். கார் நாலு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். தரையும் கான்கிரீட்டாக இருக்க வேண்டும். மண் தரையிலோ, மழைத்தண்ணீர் ஓட சரிவு வைத்துக் கட்டிய போர்டிகோவிலோ இந்த வேலை சரிப்படாது. தெரிந்தவரின் வாட்டர் சர்வீஸில் பிட்டோ லிஃப்ட்டோ இருந்தால், ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி அங்கே செய்வது நூறு மடங்கு மேல்.

ஓடி வந்த காரில் ஆயில் 80, 90 டிகிரி சூட்டில் இருக்கும். கையில் கொட்டினால் தோல் உரிந்துவிடும். வெதுவெதுப்பாக ஆறும் வரை காத்திருங்கள்.

மாற்றும் வேலை எப்படி நடக்கும்?

அடியில் போனதும் முதல் வேலை, எது இன்ஜின் போல்ட், எது கியர்பாக்ஸ் போல்ட் என்று உறுதி செய்வது. அனுபவசாலிகளே தவறும் இடம் இது. இன்ஜின் ஆயில் என்று நினைத்து கியர்பாக்ஸை வடித்துவிட்டு, ஏற்கனவே நிறைந்திருக்கும் இன்ஜினில் மேலும் நான்கு லிட்டர் ஊற்றியவர்கள் உண்டு. காலியான பெட்டியோடு கார் கொஞ்ச தூரம் ஓடினாலே கதை முடிந்தது.

இரண்டாவது, வடிக்கும் போல்ட்டைத் தொடும் முன் நிரப்பும் போல்ட்டைத் திறந்து பாருங்கள். வருஷக்கணக்கில் திறக்காத போல்ட் இறுகிப் போயிருக்கலாம், தலை மழுங்கியும் போகலாம். எல்லா ஆயிலையும் வடித்த பிறகு, நிரப்பும் வழி திறக்கவில்லை என்றால் கார் நின்ற இடத்திலேயே நிற்கும். மேலே திறந்ததா? இனி கீழே தைரியமாகக் கை வைக்கலாம்.

வடியும் ஆயிலை அளவுக் கோடு போட்ட டப்பாவில் பிடியுங்கள். எவ்வளவு வெளியே வந்ததோ, அதே அளவைத்தான் முதலில் உள்ளே ஊற்றப் போகிறோம். வீட்டு வாளியில் பிடித்து ‘ஒரு மூணு லிட்டர் இருக்கும்’ என்று கண்ணால் அளப்பது உதவாது.

சில டொயோட்டா பெட்டிகளில் லெவல் பார்க்கும் ஓட்டையும் வடிக்கும் ஓட்டையும் ஒன்றேதான். உள்ளே ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய் நிற்கும். போல்ட்டைக் கழற்றியதும் கொஞ்சம் ஆயில் வந்து நின்றுவிடும். ‘அவ்வளவுதான் போல’ என்று மூடிவிடாதீர்கள், அந்தக் குழாயையும் கழற்றினால்தான் மீதி வடியும். திரும்ப நிரப்பும் முன் குழாயை மறக்காமல் மாட்ட வேண்டும்.

ஆயில் சேம்பரைக் கழற்றும் வசதி உள்ள பெட்டியில் உள்ளே ஃபில்டரும் சில காந்தங்களும் இருக்கும். காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மாதிரி ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம், துடைத்து மாட்டலாம். கையில் குத்தும் அளவுக்கு இரும்புத் துணுக்குகள் இருந்தால், புது ஆயில் கேனைத் திறக்காமல் அப்படியே ஓரமாக வையுங்கள். பெட்டியைப் பிரித்துப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. சில பெட்டிகளில் ஃபில்டர் உள்ளே ஆழத்தில் இருக்கும், பெட்டியைப் பிரிக்காமல் எடுக்க முடியாது. அதை விட்டுவிடலாம்.

துடைக்க பனியன் வேஸ்ட்டைப் பயன்படுத்த வேண்டாம். அதிலிருந்து உதிரும் நூல் உள்ளே போனால் வால்வில் சிக்கும். நூல் உதிராத சுத்தமான துணிதான் சரி. போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள், மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரென்ச்சில் இறுக்குங்கள். பெட்டி அலுமினியம். பலம் கொண்ட மட்டும் திருகினால் மரை போய்விடும்.

எல்லாம் கெட்டுப்போவது இந்தக் கடைசிப் படியில்தான்

வடிந்த அளவை ஊற்றியாச்சு. வேலை முடிந்ததா? இல்லை. வடிப்பதற்கு முன் உள்ளே சரியான அளவுதான் இருந்தது என்று யார் சொன்னது? அதனால் லெவல் பார்த்தே ஆக வேண்டும்.

டிப்ஸ்டிக் உள்ள பழைய கார்களில் இது சுலபம். ஆனால் அதிலும் எப்போது பார்ப்பது என்பது காருக்குக் கார் மாறும். பல கார்களில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். பல ஹோண்டா கார்களில் சூடான இன்ஜினை அணைத்துவிட்டு, ஒன்றரை நிமிஷத்துக்குள் பார்த்தாக வேண்டும். முறை மாறினால் அளவும் மாறிவிடும்.

இன்றைய கார்களில் பெரும்பாலும் டிப்ஸ்டிக் கிடையாது. அதற்குப் பதில் பெட்டியின் பக்கவாட்டிலோ அடியிலோ ஒரு லெவல் போல்ட் இருக்கும். ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, அந்தப் போல்ட்டைத் திறக்க வேண்டும். அதிகமான ஆயில் ஒழுகி வெளியே வரும். ஓட்டமாக வந்தது நின்று சொட்டுச் சொட்டாக மாறும்போது மூடிவிட வேண்டும். எதுவுமே வரவில்லை என்றால் ஆயில் குறைவு, மேலும் ஊற்ற வேண்டும்.

அந்தக் ‘குறிப்பிட்ட சூடு’தான் சூட்சுமம். பல டொயோட்டா பெட்டிகளில் அது 40 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். ஹூண்டாயின் ஆறு கியர் பெட்டிகளில் 50 முதல் 60 டிகிரி. ஏன் இந்தக் கெடுபிடி? ஆயில் சூடானால் விரியும். 80 டிகிரியில் திறந்தால் விரிந்த ஆயிலெல்லாம் ஒழுகி ஓடிவிடும், ஆறிய பிறகு பெட்டியில் ஆயில் குறைவாக இருக்கும். குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், கிளட்சுக்குப் பிரஷர் கிடைக்காது, கியர் வழுக்கும். ரொம்பக் குளிர்ச்சியாக இருக்கும்போது திறந்து மூடினால் நேர் எதிர். ஆயில் கூடிப்போய், ஓடும்போது சுழலும் பாகங்கள் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையில் பாதி காற்று. அதிலும் பிரஷர் நிற்காது. கூடினாலும் குறைந்தாலும் முடிவில் அதே கோளாறுதான்.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துச் செய்பவர்கள் சறுக்குவது இங்கேதான். அங்கே குளிர் தேசத்தில் ‘இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் 40 டிகிரி வந்துவிடும்’ என்பார்கள். சென்னை, மதுரை, வேலூர் வெயிலில் மே மாதம் மதியம், நிழலில் நிற்கும் காரின் ஆயிலே 38, 40 டிகிரியில் இருக்கலாம். ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்தில் சூடு எல்லையைத் தாண்டிவிடும். போல்ட்டைத் தேடிக் கழற்றுவதற்குள் நேரம் கடந்திருக்கும். 40 டிகிரி சொல்லியிருக்கும் பெட்டி என்றால் விடியற்காலையில், இரவு முழுக்க ஆறிய காரில் இதைச் செய்வதே சரி.

சூட்டை எப்படித் தெரிந்துகொள்வது? ஓபிடி போர்ட்டில் செருகும் சின்ன புளூடூத் கருவியும், அந்தக் காரின் கியர்பாக்ஸ் சூட்டைப் படிக்கத் தெரிந்த மொபைல் ஆப்பும் வேண்டும். எல்லா ஆப்பும் எல்லா காரிலும் இதைக் காட்டாது. ஆயிலை வடிக்கும் முன்பே பரிசோதித்துப் பாருங்கள். டேஷ்போர்டில் இருக்கும் டெம்பரேச்சர் முள் இன்ஜின் கூலன்ட்டின் சூட்டைத்தான் காட்டும், இதற்கு உதவாது. கையால் தொட்டுப் பார்த்துச் சொல்லும் கணக்கும் உதவாது. சூட்டைப் படிக்க வழியில்லை என்றால், லெவல் போல்ட் வகை பெட்டியை வீட்டில் தொடாதீர்கள்.

லெவல் பார்க்கும் முன் ஆயில் எல்லா வழிகளிலும் ஓடி நிரம்ப வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து, பிரேக்கை அழுத்தியபடி பி, ஆர், என், டி என்று ஒவ்வொன்றிலும் சில நொடி நிறுத்தி, திரும்ப ‘பி’-க்கு வர வேண்டும். இதைச் செய்யும்போது காருக்கு அடியில் யாரும் இருக்கவே கூடாது. தூக்கி வைத்த காரில் பிரேக்கிலிருந்து கால் நழுவினால் சக்கரம் சுற்றும். ‘பி’ போட்டு, ஹேண்ட்பிரேக்கும் போட்ட பிறகுதான் ஒருவர் அடியில் போய் போல்ட்டைத் திறக்க வேண்டும். மூடிய அறையில் இன்ஜினை ஓடவிடாதீர்கள், புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது.

ஒரே தடவையில் முழுசா மாறுமா?

மாறாது. ஆயிலில் பெரும் பங்கு டார்க் கன்வெர்ட்டருக்குள்ளும் கூலர் குழாய்களிலும் நின்றுவிடும். 8 லிட்டர் பிடிக்கும் பெட்டியில் 3 லிட்டர்தான் வடிகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் தடவை சுமார் 37 சதவீதம் புது ஆயில். கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு மறுபடி செய்தால் சுமார் 61 சதவீதம். மூன்றாவது முறை சுமார் 76 சதவீதம்.

முழுசாக மாறவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம். முறைப்படி மாற்றிவரும் காருக்கு ஒரு தடவை வடித்து நிரப்புவதே போதும். ரொம்ப நாள் விட்டுப்போன காருக்கு, ஓரிரு ஆயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு மூன்று முறை செய்யலாம்.

ஆக, வீட்டில் யார் செய்யலாம்?

டிப்ஸ்டிக் உள்ள, வாரண்டி முடிந்த, கியர் ஒழுங்காக மாறும் கார். கான்கிரீட் தரை, நான்கு ஸ்டாண்டு, உதவிக்கு ஒரு ஆள். இவ்வளவும் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிக்கலாம். லெவல் போல்ட் வகை என்றால் இதோடு சூடு படிக்கும் கருவியும் சேர்ந்துகொள்ளும். டிசிடி-யும் சிவிடி-யும் ஒர்க்‌ஷாப்புக்கே போகட்டும். பலவற்றில் ஆயில் மாற்றிய பிறகு ஸ்கேனர் வைத்து கம்ப்யூட்டரில் பழைய கணக்குகளை அழிக்க வேண்டியிருக்கும். ஹைப்ரிட் காரில் ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்தக் கேபிள்கள் ஓடும், அதன் பக்கமே போக வேண்டாம்.

ஒர்க்‌ஷாப்பில் கொடுப்பவர்களுக்கும் இது உதவும். ‘எந்த ஆயில் ஊத்துறீங்க, எவ்வளவு வடிஞ்சது, எந்தச் சூட்டில் லெவல் பார்த்தீங்க?’ என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு ‘அதெல்லாம் அனுபவத்துல தெரியும் சார்’ என்று பதில் வந்தால், வேறு ஒர்க்‌ஷாப் பாருங்கள்.

மாற்றிய பிறகு மெதுவாக 15, 20 கிலோமீட்டர் ஓட்டுங்கள். அன்று இரவு காருக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் சிவப்புச் சொட்டு இருந்தால் வாஷரையும் போல்ட்டையும் பாருங்கள்.

மிச்சமிருப்பது அந்த மூன்று லிட்டர் பழைய ஆயில். அதைச் சாக்கடையிலோ காலி மனையிலோ ஊற்றக் கூடாது. 2016-ம் ஆண்டின் அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகளின் கீழ் வரும் பொருள் அது. நிலத்தடி நீரில் இறங்கினால் போர்வெல் தண்ணீரே கெட்டுவிடும். புது ஆயில் வந்த கேனிலேயே ஊற்றி இறுக மூடி, பழைய ஆயில் சேகரிக்கும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள். தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி பானெட்டுக்குள் ஒட்டி வையுங்கள். காரை விற்கும்போது வாங்க வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.